சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் ஆன்-கிரிட் சோலார்: பேனலை விட மாடி வேலையைப் பாருங்கள்

வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு மானியம் தரும் பிரதமரின் சூர்ய கர் திட்டத்தைப் பற்றி விசாரித்தால் எந்த விற்பனையாளரும் முதலில் நீட்டுவது, பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் 3 கிலோவாட் ஆன்-கிரிட் செட்டைத்தான். 540 அல்லது 550 வாட் பேனல் ஆறு, பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் 3 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்று, இரும்புச் சட்டம், டிசி பெட்டி, ஏசி பெட்டி, மூன்று எர்த் குழி, ஒரு இடிதாங்கி, கேபிள். நாம் இழுக்கும் யூனிட்டையும் வெளியே அனுப்பும் யூனிட்டையும் தனித்தனியே எண்ணும் நெட் மீட்டரை மின்வாரியம் மாட்டும்; கழித்து மிஞ்சுவதற்கே பில். கொட்டேஷன்கள் பெரும்பாலும் 1.7 லட்சத்திலிருந்து 2.1 லட்சம் வரை வருகின்றன. மானியம் 78,000 ரூபாய். கையிலிருந்து போவது ஒரு லட்சம் முதல் ஒன்றேகால் லட்சம் சொச்சம்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டு மாதத்துக்கு 700, 800 யூனிட் ஓடும் வீட்டுக்கு இன்றைக்குக் கிடைக்கும் மிக நல்ல வீட்டு உபயோகப் பொருள்களில் இது ஒன்று. 600 யூனிட் வீட்டுக்கு 3 தேவையில்லை, 2 கிலோவாட் போதும். 400 யூனிட்டுக்குள் அடங்கும் வீடு அவசரப்பட வேண்டியதில்லை. வாங்கிய பின் நன்றாக ஓடுவதும் ஓடாததும் பேனலின் பிராண்டில் இல்லை. கொத்தனாரும் வயர்மேனும் மாடியில் செய்யும் இரண்டு மூன்று நாள் வேலையில்தான் இருக்கிறது.

திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய், இலக்கு ஒரு கோடி வீடு. 2025 மார்ச்சில் 10 லட்சம் வீடுகளைத் தாண்டியது. அதே ஆண்டு ஜனவரியில் நாட்டின் மொத்த சோலார் நிறுவுதிறன் 100 கிகாவாட்டைத் தொட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய வரியிலேயே கணக்குப் போட்டு யாராவது கொட்டேஷன் நீட்டினால் அங்கேயே கேளுங்கள்.

பில்லில் எவ்வளவு குறையும்

முதல் 100 யூனிட் இலவசம் என்பதாலும் கீழ் அடுக்குகளில் கட்டணம் குறைவு என்பதாலும் சோலாரின் லாபம் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மாறும். வடநாட்டு யூடியூப் கணக்கை இங்கே கொண்டுவந்து வைத்தால் ஒத்துவராது. 2024 ஜூலை உயர்வுக்குப் பின் நுகர்வோர் கட்டும் விகிதத்தை வைத்துப் பார்ப்போம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் 101 முதல் 400 வரைக்கும் 4.70 ஆகிவிடுகிறது. அதற்கு மேல் 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, அதற்கும் மேல் 11.55.

800 யூனிட் வீட்டின் பில் இதன்படி 4,770 ரூபாய். 600 யூனிட் வீட்டுக்கு 2,880. 400 யூனிட் வீட்டுக்கு 1,175 மட்டுமே. பயன்பாடு பாதியாகும்போது பில் கால்வாசியாகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். சோலார் முதலில் வெட்டுவது மேலே இருக்கும் 9.45 ரூபாய் யூனிட்டுகளைத்தான். கீழே வர வர அது மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டின் மதிப்பும் இறங்கிக்கொண்டே போகும்.

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுக்கு 1,400 முதல் 1,500 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 700 முதல் 750. மார்ச், ஏப்ரலில் இதைவிடக் கூடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பர், டிசம்பரில் நன்றாகவே குறையும். எனவே 800 யூனிட் வீட்டில் நிகரமாக மிஞ்சுவது பெரும்பாலான சுழற்சிகளில் 100 யூனிட்டை ஒட்டியே இருக்கும். வாரியத்தின் லைனைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணம் தனியாகச் சேரும் என்பதையும் கழித்துப் பார்த்தால், போட்ட பணம் நாலரை ஐந்து ஆண்டில் திரும்பிவிடும். அதற்குப் பிறகு பேனலுக்கு இருபது ஆண்டு வேலை பாக்கியிருக்கிறது.

600 யூனிட் வீட்டுக்காரருக்கு விற்பனையாளர் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000 மட்டுமே. அந்த வீட்டின் பில்லை 2 கிலோவாட்டே ஏறக்குறைய துடைத்துவிடும். நிகரமாக 120 யூனிட் சொச்சம்தான் மிஞ்சும். மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியமும் குறைவு, அது வெட்டுவதற்கு விலை கூடிய யூனிட்டும் பாக்கியில்லை. அடுத்த ஓரிரு ஆண்டில் இரண்டாவது ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, மின் ஸ்கூட்டர் என்று வரப்போகிறது என்றால் மட்டும் 3 எடுங்கள். மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணத்தில் பெரிதாகப் போடுவது வீண்.

400 யூனிட் வீட்டில் ஆண்டுக்கே மொத்த பில் ஏழாயிரம் ரூபாய்தான். 2 கிலோவாட்டுக்கு மானியம் போக எழுபதாயிரம் போட்டால் மீட்கப் பத்து ஆண்டாகும். அந்தப் பணத்தில் பழைய ஃபேன்களை 28 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றுவது முதல் வேலை.

பேனல்: எதைப் பார்ப்பது, எதற்குக் கூடுதல் காசு வேண்டாம்

மானியம் வேண்டுமென்றால் பேனல் டிசிஆர் வகையாக இருக்க வேண்டும். பேனலும் அதனுள்ளே இருக்கும் செல்லும் இரண்டுமே இந்தியாவில் செய்தவை என்று பொருள். இறக்குமதி செல்லை இங்கே ஒட்டிச் செய்த பேனல் விலை மலிவு, மானியத்துக்குச் செல்லாது. திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவரின் ஆலை 4.3 கிகாவாட் அளவில் செல், பேனல் இரண்டையும் செய்கிறது. வாரீ, அதானி, பிரீமியர் எனர்ஜீஸ் போன்றவையும் டிசிஆர் பேனல் தருகின்றன. இவற்றில் எது என்பதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணையும் வாங்கி, தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் நடத்தும் டிசிஆர் போர்ட்டலில் சரிபார்ப்பதுதான் முக்கியம். மாடிக்கு ஏற்றும் முன்பே பின்பக்க ஸ்டிக்கரைப் படமெடுத்துவிடுங்கள். சட்டத்தில் பூட்டிய பிறகு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

மானியத்துக்கான கணக்கில் பேனலின் கொள்ளளவு, இன்வெர்ட்டரின் கொள்ளளவு இரண்டில் எது குறைவோ அதுதான் எடுபடும். 540 வாட் பேனல் ஐந்து போட்டு 3 கிலோவாட் இன்வெர்ட்டரை மாட்டி "3 கிலோவாட் செட்" என்று விற்பவர்கள் உண்டு. அது 2.7 கிலோவாட், மானியம் 72,600 தான் வரும். ஆறு பேனல் இருந்தால் 3.24, முழு 78,000.

செல் செய்யும் முறையில் இரண்டு வகை உண்டு; மோனோ பெர்க்கா, டாப்கானா என்ற கேள்வி எல்லோரும் கேட்பது. நம் ஊர் வெயிலில் இது பேனலின் சூட்டைப் பொறுத்தது. 25 டிகிரியில் அளந்த வாட்தான் ஸ்டிக்கரில் இருக்கிறது. மே மாத நண்பகலில் செல்லின் சூடு 65 டிகிரி வரை போகும். பெர்க் பேனல் டிகிரிக்கு 0.35 சதவீதம் இழக்கும், டாப்கான் 0.30. நாற்பது டிகிரி வித்தியாசத்துக்கு ஒன்று 14 சதவீதமும் மற்றது 12 சதவீதமும் இழக்கிறது. 3.24 கிலோவாட்டில் அந்த இரண்டு சதவீதம் 65 வாட். டாப்கான் ஒன்றிரண்டாயிரம் கூடுதலில் கிடைத்தால் வாங்குங்கள். பதினைந்தாயிரம் கூடுதல் கேட்டால் பெர்க்கே போதும். இரண்டு பக்கமும் மின்சாரம் தரும் பைஃபேஷியல் பேனலின் பின்பக்க உற்பத்தி, தரை வெள்ளையாகவும் பேனல் நல்ல உயரத்திலும் இருந்தால்தான் கணக்கில் வரும். ஓரடி உயரத்தில் கறுத்த தட்டோட்டின் மேல் படுத்திருக்கும் பேனலுக்கு அது வெறும் பெயர்.

மாடியில் நடக்கும் வேலை

எங்கள் மதிப்பீட்டில் பாதி மதிப்பெண் இதற்குத்தான். கொட்டேஷனில் இது ஒரே வரியாக, "ஸ்ட்ரக்சர்" என்று மட்டும் இருக்கும்.

ஆறு பேனலின் பரப்பு 15.5 சதுர மீட்டர், ஏறத்தாழ 167 சதுர அடி. நடைவழியோடு சேர்த்து 300 சதுர அடி வேண்டும். இந்தியத் தர விதியான ஐஎஸ் 875 சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர் காற்று வேகத்தை வைத்திருக்கிறது, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கோவைக்கு 39 மீட்டர். 50 மீட்டர் வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். அது அந்த 15.5 சதுர மீட்டரைத் தூக்கினால் தோராயமாக 2.4 டன் மேல்நோக்கி இழுக்கும். ஆறு பேனலின் எடை 170 கிலோ. ஓரடி கனசதுரக் கான்கிரீட் கட்டை ஒன்று 68 கிலோ, ஆறு கட்டைக்கு 400 கிலோ. சட்டத்தின் எடையைச் சேர்த்தாலும் ஒரு டன்னைத் தொடாது. "கட்டையின் வெயிட்டே போதும், மாடியைத் துளைக்க வேண்டாம்" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 2016 வர்தாவைச் சென்னையும் 2018 கஜாவை வேதாரண்யம், நாகை, புதுக்கோட்டை பக்கமும் பார்த்திருக்கின்றன. கடலோர மாவட்டங்களில் கட்டை தளத்தோடு பிணைக்கப்பட்டே ஆக வேண்டும்.

பிணைப்பது எப்படி என்பதில்தான் ஒழுக்கு தொடங்குகிறது. நம் மாடியின் மேலே தெரிவது தட்டோடு; அதற்கடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த சுர்க்கி; அதற்கும் கீழேதான் கான்கிரீட் தளம். பல இடங்களில் தட்டோட்டின் மேலிருந்தே துளைபோட்டு ஆங்கர் போல்ட்டை அறைந்துவிட்டுப் போகிறார்கள். போல்ட் பிடித்திருப்பது சுர்க்கியை. அதற்குப் பிடிப்புக் கிடையாது, மழைநீர் இறங்க வழி மட்டும் கிடைத்துவிடும். அடுத்த ஐப்பசியில் படுக்கையறைச் சீலிங்கில் ஈரம் தெரியும்.

சரியான முறை வேறு. கட்டை வரும் இடத்தில் ஓரடிக்கு ஓரடி தட்டோட்டையும் சுர்க்கியையும் வெட்டி எடுத்துத் தளத்தைக் காண வேண்டும். தூசியை ஊதித் துடைத்து, 12 மில்லிமீட்டர் கம்பியைக் கெமிக்கல் ஆங்கரில், அதாவது துளைக்குள் இறுகும் பசையில், 75 மில்லிமீட்டர் ஆழம் இறக்க வேண்டும். வீட்டுத் தளங்கள் பெரும்பாலும் 5 அங்குலம்தான், அதற்கு மேல் இறக்கினால் கீழே பெயர்ந்துவிடும். சிமென்ட் பாலும் நீர்புகாக் கலவையும் பூசி, 1:1.5:3 கலவையில் கட்டையை வார்க்க வேண்டும். கட்டையும் தட்டோடும் சேரும் மூலையில் சரிவாகப் பூச்சு. ஏழு நாள் ஈரச் சாக்கு. அவசரத்தில் வார்த்த மறுநாளே சட்டத்தை ஏற்றுபவர்களை அனுமதிக்காதீர்கள். கைப்பிடிச் சுவரில் சட்டத்தைக் கட்டவே கூடாது. நாலரை அங்குலச் செங்கல் சுவர் இந்த இழுப்பைத் தாங்காது.

சட்டம் ஹாட்-டிப் கால்வனைசிங் செய்ததாக, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்கட்டும், பூச்சு 80 மைக்ரான். மாடியிலேயே வெல்டிங் வைத்துச் சில்வர் பெயின்ட் அடிப்பது கடலோர ஊர்களில் இரண்டே மழைக்காலம் தாங்கும். வெல்டிங் பட்ட இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். துளைகளைப் பட்டறையிலேயே போட்டு, பிறகு பூச்சில் முக்கி, மாடியில் போல்ட் மட்டும் முடுக்கும் சட்டம்தான் நல்லது. போல்ட், நட்டு எல்லாம் துருப்பிடிக்காத எஸ்எஸ் 304 எஃகு.

துணி உலர்த்தவும் வடாம் காயவைக்கவும் இடம் வேண்டும் என்று எட்டடி உயரச் சட்டம் கேட்பது நியாயமான ஆசைதான். ஆனால் அதற்குக் கனமான கால்களும் குறுக்குக் கம்பிகளும் வேண்டும், செலவு தனி. சாதாரணச் சட்டத்தின் கம்பிகளையே நீட்டிக் கொடுப்பதை வாங்காதீர்கள்.

நிழல்

பேனல் தெற்கு பார்த்து 10 முதல் 13 டிகிரி சாய்ந்திருந்தால் போதும். பத்துக்குக் கீழே போனால் மழை தூசியைக் கழுவாமல் கீழ் விளிம்பில் சேறாக விட்டுவிடும். கிழக்கு, மேற்காகப் போட்டாலும் இழப்பு சில சதவீதம்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது நிழலுக்கு.

தண்ணீர் டேங்கும் லிஃப்ட் அறையும் வடக்கே இருந்தால் பிரச்சினை இல்லை என்று சொல்வார்கள். தமிழ்நாட்டுக்கு அது பாதி உண்மை. சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. அப்போது வடக்கே இருக்கும் டேங்கின் நிழல் தெற்கு நோக்கி விழும். உயரே நிற்பதால் நிழல் குட்டைதான், ஆனாலும் டேங்கை ஒட்டிப் பேனலை வைக்கக் கூடாது. தெற்கே இருக்கும் ஆறடி டேங்க் டிசம்பர் நண்பகலில் நாலரை அடிக்கு நிழல் வீசும். காலை 9 மணிக்கு அதே டேங்கின் நிழல் வடமேற்கே பத்தடியை நெருங்கும். அளவெடுக்க வருபவர் டேப் மட்டும் கொண்டுவந்தால் போதாது. டிசம்பர், ஜூன் இரண்டு நிழலையும் வரைந்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுத் தென்னையை மறக்க வேண்டாம். நிழலைத் தவிர்க்கவே முடியாத மாடியில் ஒவ்வொரு பேனலுக்கும் தனி மைக்ரோ இன்வெர்ட்டர் போடுவது செலவு கூடினாலும் சரியான தீர்வு.

கேபிள், எர்த்து, இன்வெர்ட்டர்

ஆறு பேனலையும் தொடராக இணைத்தால் 300 வோல்ட் டிசி வரும். வெயில் இருக்கும் வரை அதை அணைக்க முடியாது. அதனால் இணைப்புகளில் அலட்சியம் கூடாது. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு சோலார் கேபிள், அதை ஒன்றோடொன்று பூட்டும் எம்சி4 கனெக்டர். கட்டிங் பிளேயரால் நசுக்கி மாட்டிய கனெக்டர் சில மாதத்தில் சூடேறிக் கருகும். அதற்கென்றே உள்ள கிரிம்பிங் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வேறு கம்பெனி எம்சி4 ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளே தொடுகை சரியாக இருக்காது. கனெக்டர்களைப் பேனலின் சட்டத்துக்கு அடியில் கட்டித் தொங்கவிட வேண்டும். மாடித் தரையில் கிடந்தால் மழை தேங்கிய காலையில் இன்வெர்ட்டர் "பிவி ஐசோலேஷன் லோ" (பேனல் பக்கம் மின்கசிவு) என்று காட்டிக் கிளம்பவே கிளம்பாது, வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் தானாக ஓடும். மழைக்காலப் புகார்களில் இதுதான் அடிக்கடி வருவது.

எர்த் குழி மூன்றும் தனித்தனி: பேனல் சட்டத்துக்கு ஒன்று, ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. செலவை மிச்சம் பிடிக்க இடிதாங்கியையும் சட்டத்தையும் ஒரே குழியில் சேர்த்தால் மின்னல் விழும்போது அந்த வேகம் இன்வெர்ட்டர் வழியாக வீட்டுக்குள் வரும். எர்த் மின்தடை 5 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும், டெஸ்டரில் உங்கள் முன்னால் அளந்து எழுதித் தரட்டும்.

இன்வெர்ட்டரில் ஐபி65 என்று எழுதியிருப்பதால் மேற்குச் சுவரில் வெயில்படப் பொருத்துகிறார்கள். அது மழைக்கும் தூசிக்குமான எண். சூடு ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ள இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும், அதுவும் நல்ல வெயில் நேரத்தில். நிழலான சுவர், நாலு பக்கமும் காற்றோட்டம்.

இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை போகும் ஏசி கேபிளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 3 கிலோவாட் என்பது 240 வோல்ட்டில் 12.5 ஆம்பியர், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியே தாங்கும் என்று இழுத்துவிடுவார்கள். தாங்கும். ஆனால் 30 மீட்டர் தூரத்துக்கு அந்தக் கம்பியில் 5.6 வோல்ட் ஏறும். மதியம் லைனில் ஏற்கெனவே 248, 250 வோல்ட் இருக்கும் தெருவில் இன்வெர்ட்டரின் முனையில் அது 255ஐத் தாண்டும். மேல் வரம்பைத் தொட்டதும் இன்வெர்ட்டர் கழன்றுகொள்ளும், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி சேரும், மறுபடி கழலும். நல்ல வெயிலில் உற்பத்தி போய்க்கொண்டே இருக்கும், வீட்டில் யாருக்கும் தெரியாது. 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் ஏற்றம் 2.3 வோல்ட்டோடு நிற்கும். கூடுதல் செலவு சில ஆயிரம், எங்களைக் கேட்டால் இந்த மொத்தச் செட்டிலும் மிகப் பயனுள்ள செலவு அதுதான். மூன்று ஃபேஸ் வீட்டில் ஒற்றை ஃபேஸ் இன்வெர்ட்டரை எந்த ஃபேஸில் சேர்ப்பது என்றால், மதியம் வோல்டேஜ் குறைவாக இருக்கும் ஃபேஸில். நெட் மீட்டர் மூன்று ஃபேஸையும் கூட்டிக் கழித்தே கணக்கெடுப்பதால் ஏசி வேறு ஃபேஸில் ஓடினாலும் நஷ்டமில்லை.

கரண்ட் கட்டானால் இந்தச் செட் ஓடாது. சுட்டெரிக்கும் வெயிலிலும் ஓடாது. கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்காக உள்ள பாதுகாப்பு அது, குறை இல்லை. ஏற்கெனவே இருக்கும் யூபிஎஸ்ஸும் பேட்டரியும் அப்படியே இருக்கட்டும். ஃபேன், லைட்டுக்கு அதுவே போதும். ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் சேர்த்தால் செலவு பெரிதாகக் கூடும், மானியம் அதே 78,000தான். மின்வெட்டு அதிகமுள்ள ஊருக்கோ வீட்டில் மருத்துவக் கருவி ஓடும் குடும்பத்துக்கோ மட்டும் அது பொருந்தும்.

திட்டத்தின் சேவை எப்படி

தேசியப் போர்ட்டலில் மின் இணைப்பு எண்ணை வைத்துப் பதிவு செய்து, பட்டியலில் உள்ள விற்பனையாளரைத் தேர்ந்தெடுத்து, வேலை முடிந்து, நெட் மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்ததும் மானியம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. விற்பனையாளர் கைக்குப் போகாது என்பது இந்தத் திட்டத்தின் பெரிய பலம். 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே ஒப்புதல் என்று 2024இல் விதி மாறியது பழைய அலைச்சலைப் பெருமளவு குறைத்திருக்கிறது. 3 கிலோவாட் வரை பிணையில்லாக் கடன் மத்திய அரசின் கடன் தளமான ஜன்சமர்த் போர்ட்டல் வழியாகக் கிடைக்கிறது. வட்டி வீட்டுக் கடனை விடக் குறைவு.

தடங்கல் வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். இணைப்பு இறந்துபோன அப்பா, தாத்தா பெயரில் இருக்கும். வங்கிக் கணக்கு மகன் பெயரில். பெயர் மாற்றத்தை முடித்த பிறகே பதிவு செய்யுங்கள். அடுத்தது அனுமதிக்கப்பட்ட மின்பளு. பழைய வீடுகளில் 1 அல்லது 2 கிலோவாட் என்றுதான் இருக்கும், சோலார் அதைத் தாண்டக் கூடாது. கூட்டுவதற்கு மின்வாரியத்தில் தனியாகக் கட்ட வேண்டும். விற்பனையாளர் கொட்டேஷனில் இது சேராது.

பழைய மீட்டர் இருக்கும்போதே "ஓட்டிப் பார்க்கலாம்" என்று சோலாரைப் போட விடாதீர்கள். பழைய டிஜிட்டல் மீட்டருக்கு மின்சாரம் எந்தத் திசையில் போகிறது என்ற பேதம் கிடையாது. வெளியே போகும் யூனிட்டையும் நீங்கள் இழுத்ததாக எழுதி அதற்கும் பில் வரும். நெட் மீட்டர் வந்த பிறகு வேறொரு குழப்பம் வரும்: இன்வெர்ட்டர் ஆப் 700 யூனிட் காட்டும், மீட்டரில் எக்ஸ்போர்ட் 420தான் இருக்கும். யாரும் திருடவில்லை. மீதி 280ஐ பகலில் வீடே தின்றுவிட்டது, அது மீட்டரைத் தொடவே இல்லை.

பராமரிப்பு சொற்பம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலை எட்டு மணிக்குள், கண்ணாடி சூடேறும் முன் தண்ணீர் விட்டு மென்மையான துடைப்பானால் துடைத்தால் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அப்படியே காயவிடாமல் வைப்பரால் வழித்துவிடுங்கள். படிந்த வெள்ளைப் படலத்தைப் பிறகு எடுப்பது கடினம். காக்கை எச்சத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அது மறைக்கும் செல் சூடேறிக் கெடும். தெளிந்த வானத்தில் நண்பகல் 12 மணிக்கு ஆப்பில் 2.4, 2.5 கிலோவாட் தெரிந்தால் எல்லாம் சரி. 1.6 என்று நின்றால் காரணத்தைத் தேடுங்கள்.

பேனலுக்கு 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம், இன்வெர்ட்டருக்குக் கம்பெனியைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டு. முதல் ஐந்து ஆண்டு பராமரிப்பு விற்பனையாளரின் கடமை என்று திட்டமே சொல்கிறது. அதனால் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் ஐயாயிரம் குறைத்துத் தந்தாலும், உங்கள் ஊரில் கடை வைத்திருப்பவரையே தேர்ந்தெடுங்கள்.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். முன்பணம் பத்து சதவீதம். பேனல், இன்வெர்ட்டரின் வரிசை எண்ணைச் சரிபார்த்த பின் அறுபது. சட்டமும் ஒயரிங்கும் முடிந்ததும் இருபது. கடைசிப் பத்து சதவீதத்தை நெட் மீட்டர் ஓடி, எர்த் அளவும் வரிசை எண் பட்டியலும் உத்தரவாத அட்டைகளும் இன்வெர்ட்டர் ஆப்பின் பாஸ்வேர்டும் கைக்கு வந்த பிறகு கொடுங்கள். இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் ஒப்பந்தம் போடாதீர்கள்.